ரேடியோவின் இரண்டாம் குரல்

என் கணவருக்குத் தெருவில் ரேடியோ என்று பெயர். வாயை மூடவே மாட்டார் என்பதால் வந்த பட்டம் அது. பஸ் கண்டக்டர் வேலை. அவர் பஸ்ஸில் ஏறினால் உட்கார இடம் கிடைக்கிறதோ இல்லையோ, பேச்சு கிடைத்துவிடும். படியில் தொங்குகிறவனுக்கு ஒரு கிண்டல், சில்லறை இல்லை என்பவனுக்கு ஒரு பிரசங்கம், தூங்கி வழிகிறவனுக்கு ஒரு அதட்டல். நான் தினமும் அந்த பஸ்ஸில்தான் மருந்துக் கடை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். என்னை இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவிடாமல் பேசிப் பேசியே கல்யாணம்வரை கொண்டுபோய் விட்ட மனுஷர் அவர்.

மகள் மடிக்குழந்தையாக இருந்தபோது, ஒரு நாள் காலை டிப்போவில் முகம் கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். மூளையின் அடிப்பகுதியில் ரத்தம் அடைத்துக்கொண்டதாம். உயிர் தப்பியது. காது கேட்டது, புத்தி தெளிவாக இருந்தது. ஆனால் உடம்பு அசையவில்லை, நாக்கு புரளவில்லை. வலது கைக் கட்டைவிரல் ஒன்று மட்டும் அசைந்தது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் வாய்தான் முதலில் போயிற்று. அந்த முதல் குரலை நாங்கள் யாரும் பதிவு செய்து வைக்கவில்லை. ஓயாமல் கேட்டுக்கொண்டிருப்பதை யார் பதிவு செய்வார்கள்?

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் டாக்டரம்மா ஒருவர் இருந்தார். யாரோ தானமாகக் கொடுத்த கம்ப்யூட்டர் ஒன்றையும், பேசும் புரோகிராம் பதிந்த, பிஸ்கட் அளவிலான இரண்டு பிளாப்பித் தகடுகளையும் கொண்டுவந்தார். பிளாப்பியை உள்ளே தள்ளினால் கர்ர்ர் கர்ர்ர் என்று ஒரு சத்தம், பிறகு திரையில் எழுத்துகள் வரிசை வரிசையாக வரும். ஒவ்வொரு வரியாக வெளிச்சம் ஓடும். வேண்டிய வரி வந்ததும் கட்டைவிரலால் ஒரு சிவப்புப் பொத்தானை அமுக்க வேண்டும். பிறகு வெளிச்சம் அந்த வரிக்குள் எழுத்தெழுத்தாக ஓடும். மறுபடி அமுக்க வேண்டும். இப்படி ஒரு சொல்லைக் கட்டி முடித்தால் பெட்டி அதைப் பேசும்.

அவர் முதலில் என்ன பேசுவார் என்று நான் எத்தனையோ கற்பனை செய்து வைத்திருந்தேன். என் பெயரைச் சொல்வார், குழந்தையைக் கேட்பார், குறைந்தது ஒரு நன்றியாவது சொல்வார் என்று. வெகுநேரம் அமுக்கினார். நானும் டாக்டரம்மாவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பெட்டி சொன்னது: "காலு அரிக்குது." நான் சொறிந்துவிட்டேன். சிரித்தேனா அழுதேனா என்று இப்போது கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது.

அந்தக் குரல் இருக்கிறதே, தகர டப்பாவுக்குள் உட்கார்ந்துகொண்டு மூக்கடைத்தவன் பேசுவதுபோல இருக்கும். தமிழுக்காகச் செய்த புரோகிராம் இல்லை அது. ஆங்கில எழுத்துகளைக் கோணல்மாணலாகக் கோத்துத்தான் அதைத் தமிழ் பேச வைக்க முடிந்தது. 'ழ' வராது. கொஞ்சினாலும் திட்டினாலும் ஒரே ராகம். ஆரம்பத்தில் எனக்கு அதைக் கேட்டாலே எரிச்சலாக வந்தது. என் புருஷன் குரலைத் திருடிக்கொண்டுபோன எவனோ ஒருவன் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு பேசுவதுபோல இருந்தது.

ஆனால் என் மகளுக்கு அப்படி இல்லை. அவளுக்கு நினைவு தெரிந்தபோது அப்பா என்றால் அந்தக் குரல்தான். அதைக் கேட்டுத்தான் பேசவே கற்றுக்கொண்டாள். "அம்-மா பசிக்-கிது" என்று ஏற்ற இறக்கமில்லாமல் சொல்வாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "குழந்தைக்கு ஏதாவது பயமா? இப்படி மெஷின் மாதிரி பேசுதே!" என்று கேட்டார். "அப்பா சாயல்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவளைத் தூங்கவைப்பதும் அவர் வேலைதான். தாலாட்டெல்லாம் அந்தப் பெட்டிக்கு வராது. அவர் பழைய தடத்தின் நிறுத்தங்களைச் சொல்லுவார். "பளைய பாலம். பால் டிப்போ. கண்ணாடி பேக்டரி. பெரிய ஆஸ்பத்திரி. கல்லூரி வாசல்." ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு பஸ் ஓடும் அளவுக்கு இடைவெளி விடுவார். "கடைசி ஸ்டாப். எல்லாரும் இறங்குங்க" என்று அவர் சொல்லி நான் கேட்டதே அபூர்வம். அதற்குள் பிள்ளை தூங்கிவிடும், பாதி நாள் நானும்தான்.

நான் மறுபடி மருந்துக் கடைக்குப் போகத் தொடங்கியபோது, போன் வந்தால் எடுக்க ஆளில்லை என்று ஆன்சரிங் மெஷின் ஒன்று வாங்கினோம். கேசட் போடும் பழைய வகை. கட்டில் பக்கத்து மேசையில் வைத்தேன். அதில் போட வேண்டிய செய்தியை அவரே பேசிப் பதிவு செய்தார். அன்று மதியம் கடையிலிருந்து போன் செய்து கேட்டேன். "ரேடியோ பேசுறேன். வீட்டுல ஆள் இருக்கு, ஆனா எந்திரிக்காது. விசில் அடிச்சதும் பேசுங்க. படியில நிக்காதீங்க." மருந்து வாங்க வந்தவர்கள் எதிரே நிற்க, நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அன்றைக்குத்தான் அந்தக் குரலை நான் மன்னித்தேன். வேறு எவனோ இல்லை, என் புருஷன்தான் உள்ளே இருக்கிறார்.

வருஷங்கள் ஓடின. இரண்டு பிளாப்பிகளில் ஒன்றை மகளே தீர்த்துக்கட்டினாள். ஒன்றாம் வகுப்பில் தான் வரைந்த படத்தோடு சேர்த்து, "அப்பாவோட வாய்" என்று அதையும் பிரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டிவைத்திருந்தாள். காந்தம் பட்டால் பிளாப்பி அழிந்துபோகும் என்பது அந்தச் சின்ன மண்டைக்கு எப்படித் தெரியும்? மிச்சம் ஒன்றுதான். பிளாப்பியிலேயே பூட்டு இருந்ததால் நகல் எடுத்தால் ஓடாது. அசலை உள்ளே போட்டால்தான் புரோகிராம் வாயைத் திறக்கும். தினமும் காலையில் அதை நான் உள்ளே தள்ளுவேன். அது கர்ர்ர் என்று எழுந்ததும், முன்பே கட்டி வைத்திருந்ததை அவர் ஒரே ஒரு அமுக்கில் பேசவைப்பார். "ரைட், போலாம்." அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டில் பொழுது விடியும்.

மகள் வளர்ந்தாள், படித்தாள், கல்யாணம் முடித்துக் கடல் கடந்து போனாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வாள். ஒலிபெருக்கியைப் போட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் வைப்பேன். அவர் ஒரு வாக்கியம் கட்டி முடிக்கும்வரை அவள் அங்கே பேசாமல் காத்திருப்பாள். தான் உண்டாகியிருப்பதைச் சொன்ன அன்று, "அப்பா, உங்க பேரப்பிள்ளைக்கும் நீங்கதான் ஸ்டாப் சொல்லணும். போன்லயே தூங்க வைக்கணும், சொல்லிட்டேன்" என்றாள்.

அவர் கட்டைவிரல் வேலை செய்தது. "மடியில வர்ற பிள்ளைக்கு டிக்கெட் இல்ல. ஏறச் சொல்லு."

அதற்குப் பிறகுதான் என் தம்பி உள்ளே வந்தான்.

என் தம்பி அலுவலகங்களில் ஜெராக்ஸ் மெஷின் பழுதுபார்க்கிறவன். தங்கமான பிள்ளை. ஒரே ஒரு வியாதி, பழுதான எதைப் பார்த்தாலும் அவன் கை சும்மா இருக்காது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் ஆடுகிற நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். சட்டைப்பையில் பேனா இருக்காது, ஸ்க்ரூடிரைவர் இருக்கும். எங்கள் பழைய கம்ப்யூட்டரும் அப்போது படுக்கையில் விழாத குறைதான். மழை பெய்தால் கிளம்பாது. தலையில் ஒரு தட்டுத் தட்டினால் எழும், சில நாள் இரண்டு தட்டு.

"அக்கா, இது இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு. பிள்ளை பொறக்குற நேரத்துல நின்னு தொலைச்சா என்ன பண்ணுவ? இப்பவே புது கம்ப்யூட்டருக்கு மாத்திடறேன்" என்றான்.

அவன் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

புது கம்ப்யூட்டர் வந்தது. அதில் பிளாப்பி போட ஓட்டையே இல்லை. அதற்கென்று வெளியே செருகும் டிரைவ் ஒன்று வாங்கிவந்தான். பிறகு, புது கம்ப்யூட்டரைப் பழைய கம்ப்யூட்டர் மாதிரி நடிக்க வைக்கும் புரோகிராம் ஒன்றை எங்கிருந்தோ பிடித்துவந்து போட்டான். அதுவும் நடித்தது. எங்கள் பழைய திரை, பழைய எழுத்துகள், அச்சாக அப்படியே வந்தன. என் கணவரின் கண்கள் விரிந்தன. அடுத்த நொடி திரையில் ஒரு வரி வந்தது. அசல் பிளாப்பியைப் போடவும் என்றது.

"அசல்தானடா உள்ள இருக்கு!" என்று நான் கத்தினேன்.

"அதான் எனக்கும் புரியல. பிளாப்பி தேஞ்சிருக்கும்போல. ரொம்ப வருஷமாச்சுல்ல, மாமா? ஒர்க்‌ஷாப்ல உள்ளேயே டிரைவ் வெச்ச பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு இருக்கு. அதுல போட்டு என்னன்னு பாத்துட்டுச் சாயங்காலம் கொண்டாறேன்" என்றான்.

அவர் பொத்தானை அமுக்கினார். மேசையின் அந்தப் பக்கம் பழைய பெட்டி, காலையில் எழுப்பிவிட்டபடியே இன்னும் விழித்திருந்தது. "பத்திரம் மச்சான்." சாயங்காலம்வரை ஓய்வெடுக்கட்டும் என்று பெட்டியை அணைத்தேன். அந்தக் குரலில் நாங்கள் நேரில் கேட்ட கடைசிச் சொற்கள் அவை.

ஒர்க்‌ஷாப்பில் நடந்ததை அவனே பிறகு சொன்னான். பிளாப்பிகளைச் சோதித்துச் சரிசெய்யும் புரோகிராம் ஒன்று அவனிடம் இருந்தது. நல்ல புரோகிராம், எத்தனையோ பேருடைய பிளாப்பிகளைக் காப்பாற்றியது. அது எங்கள் பிளாப்பியை ஓரம்வரை தடவிப் பார்த்துவிட்டு, பதிவுகள் ஓடும் தடங்களில் ஒன்றில் பழுது இருக்கிறது, சரிசெய்யட்டுமா என்று கேட்டது. பிளாப்பியின் மூலையில் நகரும் சின்னத் தாழ்ப்பாள் ஒன்று உண்டு. அது திறந்திருந்தால் யாரும் உள்ளே எழுத முடியாது, மூடினால்தான் எழுதலாம். தலைகீழ்த் தாழ்ப்பாள். அத்தனை வருஷமாகத் திறந்தே இருந்ததை என் தம்பி நகத்தால் தள்ளி மூடினான். சரிசெய் என்று அமுக்கினான். அந்தத் தடத்தைத் துடைத்துப் புதிதாகக் கோடு போட்டு எழுதி, பழுது நீங்கியது என்று பச்சை எழுத்தில் காட்டியது. அவன் சந்தோஷமாக வழியில் பழம் வேறு வாங்கிக்கொண்டு வந்தான்.

வீட்டுக்கு வந்து புது கம்ப்யூட்டரில் போட்டால் அசலைப் போடவும் என்றது. சரி, இது முரண்டு பிடிக்கிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்று பழைய பெட்டியில் போட்டேன். கர்ர்ர் என்றது. கொஞ்சம் யோசித்தது. அசல் பிளாப்பியைப் போடவும் என்று அதுவும் சொன்னது. எடுத்து ஊதிவிட்டுப் போட்டேன். தலையில் தட்டினேன். தம்பி தட்டினான். எத்தனை முறை போட்டாலும் அதே வரி. கட்டிலில் அவர் கட்டைவிரல் சும்மா சும்மா பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தது.

பழைய கம்ப்யூட்டர்களைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். இணையத்தில் அப்படி ஒருவரைத் தம்பி தேடிப்பிடித்தான். அவர் எழுதிய பதிலைத் தம்பிதான் எனக்குப் படித்துச் சொன்னான். அந்தக் கம்பெனிக்காரர்கள் திருட்டு நகலுக்குப் பயந்து, ஒவ்வொரு பிளாப்பியிலும் ஒரு தடத்தை வேண்டுமென்றே கோணலாக எழுதி அனுப்பியிருக்கிறார்கள். பிளாப்பியின் மேல் ஒரு காயம் மாதிரி. புரோகிராம் எழுந்ததும் அந்தக் காயம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும். இருந்தால் அசல். நகலெடுத்தால் காயம் வராது. புது டிரைவ்களின் கண்ணுக்கு அது தெரியவும் தெரியாது.

அந்தக் காயத்தைத்தான் என் தம்பி குணப்படுத்திவிட்டான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்பது இதுதான். அவனைப் பிடித்து உலுக்கி நாலு அறை விட வேண்டும்போல இருந்தது. பிறகு அந்தக் கம்பெனிக்காரனை. அவன் இருந்தால்தானே? அந்தக் கம்பெனியை இன்னொருவன் வாங்கி, அவனை வேறொருவன் விழுங்கி, கடைசியாக விழுங்கியவனுக்குக் கடிதம் போட்டால், அப்படி ஒரு பொருளைப் பற்றி எங்களிடம் விவரம் இல்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. திட்டுவதற்குக்கூட ஆளில்லாத கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

இணையத்து மனிதர் நல்லவர். புரோகிராமைப் பிரித்துப் பார்த்து, அசலா என்று கேட்கும் இடத்தையே வெட்டி எடுத்து அனுப்பினார். போட்டோம். திரை வந்தது, எழுத்துகள் வந்தன, வெளிச்சம் ஓடியது. என் கணவர் ஒரு சொல்லைக் கட்டினார். பெட்டி வாயைத் திறக்கவில்லை. குரலைப் பூட்டி வைத்திருந்த சாவியும் அந்தக் காயத்துக்குள்தான் இருந்ததாம். அதை இனி எந்த மந்திரவாதியாலும் எடுக்க முடியாது, மன்னிக்கவும் என்று அந்த மனிதர் எழுதினார்.

தம்பி கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான். ஊமைத் திரையில் என் கணவர் மெல்ல மெல்ல ஒரு வரி கட்டினார். அழாதே மச்சான், மூக்கைத் துடைச்சுவிட எனக்குக் கை வராது. அதைப் படித்துவிட்டு அவன் இன்னும் அதிகமாக அழுதான். அதற்குப் பிறகு அவன் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதையே குறைத்துக்கொண்டான்.

இது என்ன பெரிய துக்கம் என்று நீங்கள் கேட்கலாம். கேட்டவர்களும் உண்டு. இப்போதெல்லாம் இலவசமாகவே எத்தனையோ குரல்கள் கிடைக்கின்றன. நாங்களும் ஒன்று போட்டோம். தமிழ் எழுத்திலேயே கட்டலாம். செய்தி வாசிப்பவர் மாதிரி கணீரென்று, ஏற்ற இறக்கத்தோடு, 'ழ' எல்லாம் தேன் மாதிரி வரும். பக்கத்து வீட்டு அம்மா கேட்டுவிட்டு, "அடேங்கப்பா, எவ்வளவு அழகா பேசுறாரு! முன்னாடி அந்தத் தகர டப்பாவை எப்படித்தான் சகிச்சீங்களோ?" என்றாள். நான் உள்ளே போய்ப் பாத்திரத்தை வேகமாகத் தேய்த்தேன்.

பேத்தி பிறந்தாள். ஞாயிற்றுக்கிழமை மகள் போனில் வந்தாள். பின்னால் பிள்ளை சிணுங்கிக்கொண்டிருந்தது. "அப்பா, டிக்கெட் இல்லாத ஆள் வந்தாச்சு. பஸ்ஸை எடுங்க" என்றாள். அவர் முன்கூட்டியே கட்டி வைத்திருந்ததை அமுக்கினார். "பழைய பாலம். பால் டிப்போ" என்று செய்தி வாசிக்கிறவர் தொடங்கினார். ஏதோ பாலம் இடிந்து விழுந்த செய்திபோல இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரி வந்தபோது மகள் விசும்புவது கேட்டது. "வேண்டாம்ப்பா. நிறுத்திடுங்க. யாரோ ஒருத்தர் நம்ம வீட்டுக்குள்ள வந்து பேசுற மாதிரி இருக்கு."

அவர் நிறுத்திவிட்டார். அந்தக் குரலையே அணைத்துவிடச் சொன்னார். அதன்பின் திரையில் எழுதுவதோடு சரி, நான் வாய்விட்டுப் படித்துப் போனில் சொல்வேன். வீட்டில் காலையில் 'ரைட், போலாம்' சத்தம் இல்லை. நான் முகம் கழுவிக்கொண்டு போய்ப் பக்கத்தில் நிற்பேன், திரையில் அந்த இரண்டு சொற்கள் இருக்கும். படித்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போவேன்.

கடைக்கு விடுமுறை விட்ட ஒரு வார நாளில் மத்தியானம் போன் அடித்தது. ஈரக்கையோடு ஓடினேன். அவர் கண்கள் என்னைத் தடுத்தன, கட்டைவிரல் படபடவென்று அடித்தது. திரையில் 'எடுக்கா' என்பதுவரை வந்திருந்தது. நான் நின்றேன். மணி ஓய்ந்து ஆன்சரிங் மெஷின் எடுத்துக்கொண்டது.

"ரேடியோ பேசுறேன். வீட்டுல ஆள் இருக்கு, ஆனா எந்திரிக்காது. விசில் அடிச்சதும் பேசுங்க. படியில நிக்காதீங்க."

விசில் அடித்தது. அந்தப் பக்கத்திலிருந்து யாரும் பேசவில்லை. ஒரு பிள்ளை சிணுங்கியது, சிணுங்கல் தேய்ந்தது, பிறகு மூச்சு மட்டும். பிறகு போனை வைக்கும் சத்தம். தினமும் நான் கடையில் இருக்கும் நேரத்தில் இது நடந்துகொண்டிருந்திருக்கிறது. இரண்டு பேரும் என்னிடம் மூச்சு விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகளிடம் கேட்டேன். "ஏண்டி, அந்த நாலு வார்த்தையை உன் போன்ல பதிவு பண்ணி வச்சுக்கக் கூடாதா?"

"வச்சிருக்கேம்மா. ஆனா அதைப் போட்டா குரல் மட்டுந்தான் வருது. அங்க அடிச்சா, அப்பா பக்கத்துல படுத்துக் கேட்டுட்டு இருக்காருன்னு தெரியும்ல" என்றாள்.

போன வாரம் தம்பி வந்தான். வந்து வெகுநாளாகியிருந்தது. நான் காப்பி போட்டுக்கொண்டு வருவதற்குள் போன் அடித்து, மெஷின் பேசி, விசிலும் அடித்து முடிந்துவிட்டது. தம்பி மேசைப் பக்கம் தலையைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தான்.

"அக்கா, இழுத்துப் பேசுது கேட்டியா? கேசட் தளர்ந்துடுச்சு. இப்படியே தினம் ஓடினா ஒரு நாள் சுத்திக்கிட்டு அறுந்துடும். திறந்து உருளையைத் துடைச்சுட்டு, டேப்பை வேற கேசட் கூட்டுக்கு மாத்தி..." அவன் கை தன்னையறியாமல் சட்டைப்பையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைத் தொட்டது.

கட்டிலில் கட்டைவிரல் அமுக்கத் தொடங்கியது. நாங்கள் இருவரும் திரையைப் பார்த்தோம். வெளிச்சம் வரி வரியாக ஓடியது.

மச்சான். கைய எடு.

தம்பி கையை எடுத்தான். அவன் சொன்னதில் இந்த முறையும் தப்பில்லை. தொடாவிட்டால் அறுந்துபோகும். தொட்டால் என்ன ஆகும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அவன் ஸ்க்ரூடிரைவரை என் கையில் கொடுத்துவிட்டு, அவர் காலடியில் உட்கார்ந்தான். காப்பியை யாரும் குடிக்கவில்லை.

போன் மறுபடி அடித்தது. பிள்ளை தூங்கவில்லைபோல. நாங்கள் மூன்று பேரும் அசையவில்லை. மணி ஓய்ந்தது, கேசட் சுற்றியது.

"ரேடியோ பேசுறேன்" என்றார் என் கணவர். முன்னைவிடக் கொஞ்சம் மெதுவாகச் சொன்னார்.